விடையோடு வழியும் ஒரே பேழையில்

பள்ளியில் கணக்குப் பயின்ற எவரும் ஒரு நியதியை மறந்திருக்க இயலாது. விடை சரியாக இருந்தாலும், வழி எழுதப்படாத கணக்கிற்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. வழியை ஒழுங்குபட எழுதிக் கடைசிப் படியில் மட்டும் தவறிய மாணவனுக்கோ பாதி மதிப்பெண்ணேனும் கிடைத்துவிடும். பத்து வயதுச் சிறுவனுக்கு நாம் விதித்த இந்நியதியை முனைவர்ப் பட்ட ஆய்வாளருக்கு விதிக்க மறந்துவிட்டோம். கணினியின் வருகைக்குப் பின்னர் இம்மறதி இன்னும் ஆழமாகிவிட்டது என்பதே என் கருத்து.

தமிழாய்வு இன்று எண்களை நாடுகிறது. ஒரு நூலில் ஒரு சொல் எத்தனை முறை வந்துள்ளது, அயன்மொழிச் சொற்கள் எத்தனை விழுக்காடு, ஒரு புலவரின் நடை மற்றொருவரின் நடையினின்றும் எவ்வளவு வேறுபடுகிறது என்றெல்லாம் அட்டவணைகள் ஆய்வேடுகளை அணிசெய்கின்றன. வரவேற்கத்தக்க வளர்ச்சியே. ஆயின் அவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன என்று தேடினால், கணினியின் துணைகொண்டு கணக்கிடப்பட்டது என்னும் ஒற்றை வரியே பெரும்பாலும் கிடைக்கிறது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது தாம் ஒப்பிட்ட சுவடிகளைப் பற்றிக் கூறினார்; பாடவேறுபாடுகளையும் காட்டினார். அவர் கொண்ட பாடத்தை ஏற்காதவரும் வேறொரு பாடத்தைத் தேர்ந்து வாதிட இயன்றது அதனால்தான். ஏடுகளிற் கண்டது என்று மட்டும் எழுதி அவர் நிறுத்தியிருந்தால் நாம் ஒப்புக்கொண்டிருப்போமா? கணினிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

இங்கே நான் பேசப்புகுவது ஆய்வுப் பணியைக் கணினியில் சேமித்துவைக்கும் முறையைப் பற்றி. பகுப்பாய்வு மென்பொருள் எதுவாயினும் அதில் நிகழ்வது ஒரு தொடர்ச்செயல். மூலத்தரவு உட்புகும், தூய்மை செய்யப்படும், வேண்டாதவை கழிக்கப்படும், எஞ்சியவை வகைப்படுத்தி எண்ணப்படும், முடிவில் ஓர் அட்டவணையோ வரைபடமோ வெளிப்படும். இத்தொடரை 'வழி' என்றும், வெளிப்படுவதை 'விடை' என்றும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் குறிப்பேன். விடையை மட்டும் அச்சிட்டு வைத்துக்கொள்வோர் மிகப் பலர். வழியை மட்டும், அதாவது நிரலையோ ஆணைத்தொடரையோ மட்டும் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மறுபடி ஓட்டிக்கொள்ளலாம் என்றிருப்போர் சிலர். இரண்டையும் ஒரே பேழையில் இட்டு, எந்த வழியிலிருந்து எந்த விடை பிறந்தது என்பது பார்த்த அளவில் விளங்கும்படி வைப்போர் மிகச் சிலர். அம்மிகச் சிலரின் முறையே சரியானது. நம் துறை அதனைக் கட்டாயமாக்க வேண்டும்.

இஸ்லாமியக் கல்வி மரபோடு பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஃபராயிழ் எனப்படும் வாரிசுப் பங்கீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கணவரையும் உடன்பிறந்த சகோதரியர் இருவரையும் விட்டு ஒரு பெண்மணி இறக்கிறார். பிள்ளைகளோ பெற்றோரோ சகோதரர்களோ இல்லை. கணவருக்கு 1/2 பங்கு, சகோதரியர் இருவருக்கும் சேர்த்து 2/3 பங்கு என்பது சட்டம். கூட்டிப் பார்த்தால் 7/6 வருகிறது. இருப்பதினும் கொடுக்க வேண்டியது மிகுகிறது. ஆகவே பகுதியை 6-இலிருந்து 7-ஆக உயர்த்தி, கணவருக்கு 3/7, சகோதரியருக்கு 4/7 என்று பங்கிடுவர். 'அவ்ல்' எனப்படும் இத்தீர்வு கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் எழுந்த வழக்கொன்றில் முதன்முதல் கையாளப்பட்டதாக மரபு கூறும். ஏழு இலட்ச ரூபாய்ச் சொத்தில் உமக்கு மூன்று இலட்சம் என்று மட்டும் எழுதிய சீட்டொன்றை அக்கணவரிடம் கொடுத்தால் என்ன நேரும்? பாதி எனக்குரியதன்றோ என்று அவர் கேட்பார், கேட்பதும் முறையே. வாரிசுகள் யாவர், ஒவ்வொருவரின் பங்கு யாது, பகுதி ஏன் உயர்ந்தது என்பவற்றையெல்லாம் ஒரே தாளில் கட்டமிட்டுக் காட்டினால்தான் அவர் மனம் அமையும். வழக்கு மன்றமும் அத்தாளையே கேட்கும்.

பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் ஜப்ர் நூலில் ஒரு பெரும்பகுதி இத்தகைய வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. அவர் பெயரின் இலத்தீன் திரிபிலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது என்பதைக் கணினி பயிலும் நம் மாணவர்கள் அறிவர். ஒரு வர்க்கத்தோடு அதன் மூலத்தின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருமெனில் மூலம் யாது என்னும் கணக்கிற்கு 3 என விடை கூறியதோடு அவர் நிற்கவில்லை. சதுரம் வரைந்து, அதன் பக்கங்களில் செவ்வகங்களைச் சேர்த்து, அவ்விடை எவ்வாறு வந்தது என்பதையும் காட்டினார். ஹதீஸ் கலையும் இதே நெறியில் நிற்பது. 'மத்ன்' எனப்படும் செய்தியோடு 'இஸ்னாது' எனப்படும் அறிவிப்பாளர் தொடரும் சேர்ந்தே வர வேண்டும். தொடரற்ற செய்தியை அறிஞர்கள் ஏற்கத் தயங்குவர். செய்தியற்ற வெறுந்தொடரால் யாருக்கும் பயனில்லை. மார்க்கச் செய்தியையும் கணினிக் கணக்கையும் ஒரு தட்டில் வைக்கிறேன் என்று எவரும் எண்ணலாகாது. நான் ஒப்பிடுவது பாதுகாக்கும் முறையை மட்டுமே.

இனி நம் துறைக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டுக்கு வருவோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில், 92 படலங்களில், 5027 பாடல்களைக் கொண்டது. அதில் அரபுச் சொற்கள் எத்தனை என்று ஒரு மாணவர் எண்ணப்புகுகிறார் என்று கொள்வோம். எண்ணத் தொடங்குமுன் அவர் எத்தனையோ முடிவுகளை எடுத்தாக வேண்டும். முகம்மது, அபூபக்கர் முதலான இயற்பெயர்களும் கணக்கில் சேருமா? மக்கம், மதீனம் என்னும் ஊர்ப்பெயர்கள்? நபி என்பதும் நபிகள் என்பதும் ஒரு சொல்லா, இரண்டா? தமிழ் விகுதி பெற்றுத் தமிழாகவே ஆகிவிட்டவற்றை எங்கே நிறுத்துவது? பாரசீகத்தின் வழி வந்தவை அரபுக் கணக்கில் அடங்குமா? ஒவ்வொன்றிற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நியாயமான விடைகள் உண்டு. இரு மாணவர்கள் இருவேறு முடிவுகளை எடுத்தால் இருவேறு எண்கள் வரும்; இரண்டும் பிழையாக மாட்டா. ஆனால் முடிவுகளை எழுதிவைக்காமல் எண்ணை மட்டும் அச்சிட்டால் இரண்டுமே பயனற்றவை.

அதற்கு மேலும் சிக்கல் உண்டு. நுபுவ்வத்துக் காண்டத்தில் 'தீனிலை கண்ட படலம்' என்றொரு படலம் இருக்கிறது. தீன் என்பதும் நிலை என்பதும் புணர்ந்து தீனிலை ஆயிற்று. 'தீன்' என்று புள்ளியோடு தட்டச்சிட்டுத் தேடுகின்றவருக்குக் கணினி இச்சொல்லைக் காட்டாது. ஏனெனில் அங்கே னகரத்தின் மேல் புள்ளியில்லை, இகரக் குறியே உள்ளது. சரி, புள்ளியை நீக்கிவிட்டு 'தீன' என்று தேடினால் தீனிலை அகப்படும். அதனோடு விலங்கின் உணவாகிய 'தீனி'யும், எளியோரைக் குறிக்கும் வடசொல்லாகிய 'தீனர்' என்பதும் நூலில் எங்கேனும் இருப்பின் அவையும் வந்து சேரும். அவற்றைக் கண்ணாற் பார்த்துக் கழிக்க வேண்டும். எவற்றைக் கழித்தார், எவற்றை விட்டார் என்னும் பட்டியலே அந்த ஆய்வின் உயிர். அட்டவணையில் நிற்கும் எண் அதன் நிழல்தான். நம் ஆய்வேடுகள் நிழலைக் கட்டடம் செய்து நூலகத்தில் வைக்கின்றன; உயிரோ மாணவரின் மடிக்கணினி பழுதாகும் நாளில் அழிந்துபோகிறது.

எழுத்தெண்ணிக்கையிலும் இதே நிலைதான். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறியீடுகள்: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. 'அல்லாஹ்' என்பது நமக்கு நான்கெழுத்து, கணினிக்கு ஏழு. சொல்லின் சராசரி நீளம் இத்தனை எழுத்து என்று ஓர் ஆய்வேடு கூறுமாயின், அது தொல்காப்பியர் எழுத்தா, ஒருங்குறி எழுத்தா என்பதை வழி தெரியாமல் எவ்வாறு அறிவது? இதனினும் நகைப்புக்குரியது ஒன்றுண்டு. பைத்தான் என்னும் கணினி மொழியில் சொற்களைப் பிரித்தெடுக்க வழக்கமாகக் கையாளப்படும் குறியீடு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. 'தமிழ்' என்னும் சொல்லை அது 'தம' என்றும் 'ழ' என்றும் இரு சொற்களாக வெட்டிவிடும். ஆங்கில நூலுக்கென எழுதிய நிரலை அப்படியே எடுத்துத் தமிழ் நூலை அளப்பவர் இதனை அறியாமலேயே பல்லாயிரம் பொய்ச்சொற்களை எண்ணி முடிப்பார். எண் அழகாக, தசமப்புள்ளியோடு வந்து நிற்கும்!

தமிழுக்கு மட்டுமே உரிய குறைபாடு இது என்று கருத வேண்டா. உலகின் பெரும்பல்கலைக்கழகங்களிலும் இது நிகழ்ந்திருக்கிறது. நாடுகளின் நிதிக்கொள்கையையும் நோயாளிகளின் உயிரையும் தொட்டுச் சென்றிருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்களாகிய கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைக் கடந்தால் வளர்ச்சி பெரிதும் குன்றுகிறது என்பது அதன் சாரம். அத்தகைய நாடுகளின் சராசரி வளர்ச்சி, போருக்குப் பிந்திய காலத்தில், மைனஸ் 0.1 விழுக்காடு என்று அவர்கள் கணக்கிட்டிருந்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் இவ்வெண்ணைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பயின்ற தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர், வகுப்புப் பயிற்சியாக இக்கணக்கை மறுபடி செய்து பார்க்க முயன்றார். வெளியில் கிடைத்த தரவுகளைக் கொண்டு எவ்வளவு முயன்றும் அந்த எண் வரவில்லை. பின்னர் ஆசிரியர்களையே அணுகிக் கேட்டார். அவர்கள் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தனர்.

அந்தக் கோப்பில்தான் உண்மை இருந்தது. சராசரி காணும் சூத்திரம் 30-ஆம் வரிசையிலிருந்து 49-ஆம் வரிசை வரை செல்லாமல் 44-ஆம் வரிசையோடு நின்றுவிட்டது. அகரவரிசையில் முதலில் நிற்கும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டுப் போயின. வேறு சில ஆண்டுகளின் தரவும் விடுபட்டிருந்தது. சராசரிக்கு எடை தந்த முறையும் வினாவுக்குரியதாயிற்று. இவற்றையெல்லாம் சரிசெய்தபோது ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2013-இல் கண்ட விடை 2.2 விழுக்காடு. சூத்திரப் பிழையை ஹார்வர்டு அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். தம் ஆய்வின் மையக் கருத்து அதனால் வீழ்ந்துவிடவில்லை என்றும் வாதிட்டனர். அவ்வழக்கின் தீர்ப்பு பொருளியலாருக்கு உரியது. நமக்குரிய பாடம் வேறு. எக்செல் விரிதாளின் ஒவ்வொரு கட்டத்திலும் மேலே விடை தெரிகிறது. அதன் அடியில் சூத்திரம் மறைந்திருக்கிறது. வழியும் விடையும் ஒரே கட்டத்தில், ஒரே கோப்பில். அதனால்தான் மூன்றாண்டுகள் உலகத்தார் கண்ணில் படாத பிழை, கோப்பைத் திறந்த மாணவர் ஒருவரின் கண்ணில் பட்டது. அச்சிட்ட கட்டுரை மட்டுமே எஞ்சியிருந்தால் இன்றுவரை வாதம்தான் நடந்துகொண்டிருக்கும். கோப்பைப் பாதுகாத்து, கேட்ட மாணவருக்கு மறுக்காமல் தந்த அவ்விருவரையும் குற்றம் கூறுவோர் பலர். அந்த நேர்மையைப் பாராட்டுவோர் சிலரே. நான் பாராட்டுவோர் பக்கம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதனினும் துயரமானது. புற்றுநோய்க் கட்டியின் மரபணுச் செயற்பாட்டை அளந்து, எந்த மருந்து எந்த நோயாளிக்குப் பயன்தரும் என்று முன்கூட்டியே கூறலாம் என 2006-இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை அறிவித்தது. அதனை நம்பி 2007 முதல் நோயாளிகளிடமே சோதனைகள் தொடங்கப்பட்டன. ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்னும் புள்ளியியல் அறிஞர் இருவர் அக்கணக்கைச் சரிபார்க்க முற்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்தவை வெளியிடப்பட்ட விடைகளும் தரவுகளுமே. இடைப்பட்ட வழி முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆகவே விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, என்ன செய்திருந்தால் இவ்விடை வந்திருக்கும் என்று ஊகித்து ஊகித்துத் தேடினர். ஏறத்தாழ 1500 மணி நேரம் இதற்குச் செலவாயிற்று என்பது அவர்கள் கூற்று. கண்டவை என்ன? மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நழுவியிருந்தது. மருந்துக்கு இணங்குவன, இணங்காதன என்னும் அடையாளங்கள் தலைகீழாக இருந்தன. 2009-இல் இதனை அவர்கள் வெளியிட்டனர். சோதனைகள் 2010-இல் நிறுத்தப்பட்டன. மூலக்கட்டுரை 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. வழி தொடக்கத்திலேயே விடையோடு இணைந்து கிடைத்திருந்தால் ஒருசில நாட்களில் முடிந்திருக்க வேண்டிய சரிபார்ப்பு அது. இடைப்பட்ட ஆண்டுகளில் சோதனைக்கு உட்பட்ட நோயாளிகளை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

இங்கே ஒரு வினா எழலாம். வழிதானே முதன்மை? அதனை மட்டும் சேமித்தால் போதாதா? அதே வழியில் மறுபடி சென்றால் அதே விடை வந்துவிடுமே என்று கணினித் துறையினரே சிலர் கூறுகின்றனர். இது உண்மைக்கு முற்றிலும் பொருந்தவில்லை.

2014-இல் வேதியியலார் பயன்பாட்டுக்கென ஒரு பைத்தான் நிரல் வெளியிடப்பட்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் அதனை ஆராய்ந்தபோது, ஒரே நிரல், ஒரே தரவு, ஆயினும் கணினியின் இயங்குதளம் மாறினால் விடையும் மாறுகிறது என்று கண்டனர். காரணம் மிக எளியது. அந்நிரல் பல கோப்புகளை இணைஇணையாகப் படிக்கும். அவை ஒழுங்கான வரிசையில் வரும் என்று அது நம்பியிருந்தது. சில இயங்குதளங்கள் கோப்புகளை அகரவரிசையில் தருகின்றன. சில அவ்வாறு தருவதில்லை. மூளைப் படங்களை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் என்னும் மென்பொருளிலும் பதிப்பு மாறினாலும், கணினியின் வகை மாறினாலும் அளவு மாறுகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. பழைய விடை பத்திரமாக இருந்தால்தான் புதிய விடை அதனின்று மாறியிருப்பதையே நாம் அறிவோம். வழி மட்டும் இருந்து விடை தொலைந்தால், மாறிய விடையையே மாறாத விடையென்று கொள்ள நேரும்.

ஜூப்பிட்டர் ஏடு என்றொரு கருவி இன்று ஆய்வாளரிடையே பரவலாக வழங்குகிறது. நிரலின் ஒவ்வொரு பகுதியின் கீழும் அதன் விடை பதிந்து, இரண்டும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும். பொதுவில் வைக்கப்பட்டிருந்த இத்தகைய ஏடுகளை இலட்சக்கணக்கில் திரட்டி, மறுபடி ஓட்டிப் பார்த்து 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஓட்டிப் பார்த்த ஏறத்தாழ 8.6 இலட்சத்தில் தடையின்றி ஓடி முடிந்தவை 24 விழுக்காட்டளவே. பதிந்திருந்த அதே விடையைத் திரும்பத் தந்தவை 4 விழுக்காட்டளவே. இவ்வெண்களைக் கண்டு அக்கருவியைப் பழிப்போர் உண்டு. என் பார்வை வேறு. விடையும் உடன் சேமிக்கப்பட்டிருந்ததால்தானே இந்த ஒப்பீடே இயன்றது? மற்ற முறைகளில் செய்த ஆய்வுகளை இவ்வாறு அளக்க முற்பட்டால் அளப்பதற்கே ஒன்றும் இருந்திராது.

எனினும் அக்கருவியில் ஒரு குறையிருப்பதை மறைக்கலாகாது. ஏட்டின் மேற்பகுதியில் ஒரு படியைத் திருத்திவிட்டு, கீழ்ப்பகுதியை மறுபடி ஓட்டாமலே சேமித்துவிடலாம். அப்போது வழி புதியது, விடை பழையது. பார்ப்பவர் இரண்டையும் தாயும் சேயும் என்றே நம்புவார். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கி 2006-இல் முதன்முதல் வெளிவந்த நைம் என்னும் மென்பொருள் இதற்கு நல்லதொரு தீர்வு கண்டுள்ளது. அதில் ஒவ்வொரு படியும் ஒரு பெட்டி. பெட்டிகளைக் கோட்டால் இணைத்து வழி அமைக்கப்படும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சாலை விளக்கைப் போன்ற குறியொன்று உண்டு. செய்து முடித்த படிக்குப் பச்சை. முன்னுள்ள பெட்டியொன்றைத் திருத்தினால் அதன் பின்னுள்ளவை அனைத்தும் பச்சையை இழந்து விடைகளைத் தாமே கைவிடும். பழைய விடை புதிய வழியோடு ஒட்டிக்கொண்டிருக்க இடமில்லை. சேமிக்கும்போது பச்சைப் பெட்டிகளின் விடைகளும் வழியோடு சேர்ந்தே சேமிக்கப்படும். நம் கல்லூரிகளில் மிகுதியாக வழங்கும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளிலோ தரவு ஒரு கோப்பு, ஆணைத்தொடர் ஒரு கோப்பு, விடை ஒரு கோப்பு. பட்டியலைச் சுட்டிச் சுட்டியே வேலையை முடிக்கும் மாணவர்கள் ஆணைத்தொடரைத் தனியே எழுதிச் சேமிப்பதில்லை. சுட்டிய ஆணைகளை எழுத்து வடிவில் எடுத்துத்தரும் 'பேஸ்ட்' பொத்தான் அதே பெட்டியில் இருக்கிறது. அதனை அழுத்துவோர் அரியர்.

விடையையும் சேர்த்து வைத்தால் கோப்பு பெருத்துவிடும் என்பது ஒரு மறுப்பு. படம், ஒளிக்காட்சி முதலிய துறைகளுக்கு அது பொருந்தலாம். சீறாப்புராணம் முழுவதும் ஒரு கைப்பேசிப் புகைப்படத்தின் அளவுகூட வராது. தமிழ்த்துறையார் இதனைக் காரணம் காட்டுவது பொருந்தாது. தன் உழைப்பைப் பிறர் கவர்ந்துவிடுவர் என்னும் அச்சம் இன்னொன்று. பட்டம் பெறும்வரை மூடிவைத்துப் பின் திறக்கலாம்.

ஆயின் மூன்றாவது மறுப்பு ஒன்று உண்டு. அதற்கு நான் தலைவணங்குகிறேன். வழியோடும் விடையோடும் சேர்ந்து, வெளியே செல்லக்கூடாத செய்திகளும் பேழைக்குள் தங்கிவிடும். வட அயர்லாந்துக் காவல்துறை 2023 ஆகஸ்டில், தகவல் உரிமையின்கீழ் வந்த வினாவொன்றுக்கு எண்ணிக்கை அட்டவணையைத்தான் அனுப்பியது. அந்த விரிதாளில் மறைந்திருந்த மற்றொரு தாளில் 9400-க்கும் மேற்பட்ட காவலர், பணியாளர் அனைவரின் குடும்பப்பெயர், பதவி, பணியிடம் முதலியன இருந்தன. உயிருக்கே அச்சுறுத்தல் நிலவும் மண்ணில் நேர்ந்த தவறு அது. 2024-இல் அத்துறைக்கு ஏழரை இலட்சம் பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. ஊர்வழக்குகளைத் திரட்டும் நம் மாணவர்களும் தகவலாளியின் பெயர், தெரு, குடும்பச் செய்தி ஆகியவற்றைப் பதிந்துகொள்கின்றனர். அவை அமானிதம். நூலகத்துக்குச் செல்லும் பேழையில் அவை இருத்தல் கூடாது. பெயருக்கு மாற்றாக எண்ணிட்டு, பெயர்ப்பட்டியலை மேற்பார்வையாளரிடம் மட்டும் வைப்பதே முறை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளின் மின்படி இன்ஃபிளிப்நெட் மையத்துக்கு அனுப்பப்பட வேண்டும். 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் அவை திரண்டு நிற்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆயின் அங்கே அனுப்பப்படுவது ஆய்வேட்டின் பக்கங்கள். அட்டவணையின் பின்னிருந்த வேலையை நாம் கேட்பதுமில்லை, மாணவர் தருவதுமில்லை. மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல் ஒரு துறை தானே தொடங்கலாம்.

வரும் கல்வியாண்டின் முதுகலைத் திட்டக் கட்டுரைகளிலேயே தொடங்குவோம் என்பது என் முன்மொழிவு. நுபுவ்வத்துக் காண்டத்தின் 1104 பாடல்களைப் படலவாரியாக மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். எந்தப் பதிப்பிலிருந்து உள்ளிடப்பட்டது என்னும் குறிப்போடு ஒருங்குறியில் அமைந்த மூலக்கோப்பு, சொற்பிரிப்புக்குக் கொண்ட விதிகள், கழித்த சொற்களின் பட்டியல் காரணத்தோடு, நிரல் அல்லது ஆணைத்தொடர், மென்பொருளின் பதிப்பெண், ஓட்டிய நாள், வந்த விடை ஆகியவை ஒரே கோப்புறையில் இருக்கட்டும். ஒப்படைக்கும் நாளன்று வழியைத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை ஓட்டிவிட்டே சேமிக்க வேண்டும். ஒரு படி நூலகத்திலும் ஒரு படி துறையிலும் இருக்கும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஏதேனும் ஓர் அட்டவணையைச் சுட்டுவார். மாணவர் கோப்புறையைத் திறந்து, அதனை அவர் கண்முன் மீண்டும் வருவித்துக் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டு மாணவருக்கு முதல் பணி, முந்தைய ஆண்டுப் பேழையொன்றைத் திறந்து அதே எண் வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் அதுவே அவருடைய கட்டுரைக்குப் பொருளாகட்டும்.